இருநூற்றுப் பன்னிரண்டு சதுர மீட்டர்

விளம்பரத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்:
காதிஸ், பழைய நகரம், இரண்டாம் மாடி,
ஐந்து அறை, நான்கு பால்கனி,
கடல் தெரியும்.
கழுத்தைக் கொஞ்சம் வெளியே நீட்டினால் தெரியும் என்பதை
எழுதவில்லை.

தெருமுனையில் பீரங்கி ஒன்று
வாயை மண்ணில் புதைத்து நிற்கிறது.
வண்டிச் சக்கரம் சுவரை உரசாமலிருக்க
எந்தக் காலத்திலோ யாரோ நட்டது.
வீடு பார்க்க வருகிறவர்கள்
அதன்மேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள்.
அதுவரை எல்லாம் சுபம்.

பிறகு பளிங்குப் படி. பிறகு கதவு.
பிறகு நான் ஓயாமல் பேசத் தொடங்குவேன்:
கூரை நாலேகால் மீட்டர் உயரம்,
தரையோடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்காம் வருஷத்தது,
சுவரெல்லாம் சிப்பிக்கல்,
காரை உதிர்ந்த இடத்தில் விரலை வையுங்கள்,
முழுச் சிப்பி ஒன்று தட்டுப்படும்,
கடலை வெட்டி அடுக்கித்தான்
இந்த ஊரையே கட்டினார்கள் என்பேன்.
ஈரத்தைப் பற்றி யாராவது கேட்பதற்குள்
அடுத்த அறைக்கு நகர்த்திவிடுவேன்.

விற்பவர்கள் இருவர்.
கிழக்குக் கோடியில் லெயோகாதியா,
மேற்குக் கோடியில் அம்பாரோ.
கூடப் பிறந்தவர்கள். நடுவில்
பதினெட்டு மீட்டர் நடைவழி.

ஒன்றரை மணிவரை அடுப்பு மூத்தவளுடையது.
இரண்டுக்குப் பிறகு இளையவளுடையது.
இடைப்பட்ட அரைமணி நேரம்
வறுத்த சுறாவின் வாசனை
யாருடையதும் இல்லாமல் நிற்கும்.
குளிர்பெட்டி இரண்டு. அழைப்புமணி இரண்டு.
அமெரிக்கக் கப்பல் வருகிறதா என்று
வணிகர்கள் ஏறிப் பார்த்த மொட்டைமாடிக் கோபுரத்தில்
திங்களும் வியாழனும் ஒருத்தியின் துணி காயும்,
செவ்வாயும் வெள்ளியும் இன்னொருத்தியின் துணி.
ஒன்பது வருஷமாக.

காரணம் கேட்டேன். தனித்தனியே சொன்னார்கள்,
சொல் பிசகாத ஒரே கதை:
லெவாந்தே காற்று அடித்த ஒரு பகலில்
பால்கனிக் கதவைச் சாத்தாமல் போனாள் அவள்,
அப்பாவின் காற்றழுத்தமானி
சுவரிலிருந்து விழுந்து நொறுங்கியது.
'அவள்' யார் என்பதில் மட்டும்தான் வித்தியாசம்.

எனக்கு ஒன்று தோன்றும்,
வாங்க வருகிறவர்களிடம் சொல்ல முடியாது.
துறைமுகத்துக்குப் பின்னால்
நாற்பது சதுர மீட்டரில் ஆறு பேராக வளர்ந்தவள் நான்.
எங்களுக்குள் சண்டை வராமலா?
கோபித்துக்கொண்டு போக அங்கே இடம் இல்லை.
கழிப்பறைக்கே
எதிரியின் கட்டிலைத் தாண்டித்தான் போகவேண்டும்.
ராத்திரிக்குள் தீர்ந்துவிடும்.
தாராளமான இடவசதி என்று
நான் அச்சடித்து ஒட்டுவது எதையென்றால்,
ஒரு கோபம்
கால்நீட்டிப் படுத்துக்கொள்ளும் அளவை.

பன்னிரண்டாவதாக வந்தவர் பில்பாவோக்காரர்,
கோர்க்கா என்று பெயர், கையில் லேசர் அளவுகோல்.
காற்றில்லாத நாளாகப் பார்த்துத்தான் நேரம் கொடுத்திருந்தேன்.
காற்று என் நாட்குறிப்பைப் பார்ப்பதில்லை.
நடைவழியின் பாதியில் நாங்கள் நிற்கையில்
முழு வீடும் மூச்சை உள்ளே இழுத்தது.
எங்கோ ஒரு கதவு அறைந்தது, இன்னொன்று, இன்னொன்று.
இந்தக் கோடியிலிருந்து ஒருத்தி
அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி
செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்தார்கள்.

அவர் எதையும் கவனிக்கவில்லை.
சிவப்புப் புள்ளியைத் தரையோட்டில் நிறுத்திச் சொன்னார்:
"இங்கே ஒரு சுவர் எழுப்பினால்
இரண்டு வீடாக்கிவிடலாம். வாடகைக்கு விட வசதி."

"கூடாது."

ஒரு குரல் என்றுதான் நினைத்தேன்.
திரும்பிப் பார்த்தால் இரண்டு வாய்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
லெயோகாதியா போய்ப் பால்கனித் தாழ்ப்பாளைப் போட்டாள்.
சரியாகப் போட்டாளா என்று
அம்பாரோ போய் இழுத்துப் பார்த்தாள்.
அவ்வளவுதான் நடந்தது.

ஏழு லட்சத்து எண்பதாயிரம் யூரோ என்று இருந்தது.
நேற்று இருவரும் தனித்தனியே போன் செய்து
விலையை ஏற்றச் சொன்னார்கள்,
யாரும் வாங்க முடியாத அளவுக்கு என்று மட்டும்
இருவருமே சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் தேதி
கடைக்கு நான் வாடகை கட்டவேண்டும்.
வெயிலில் வெளுத்துப்போன அட்டையை
ஜன்னலிலிருந்து எடுத்தேன்,
எண்ணைத் திருத்தினேன்,
திரும்ப ஒட்டினேன்.